கால் படாத வாத்தியம்

திருநெல்வேலியில் ஒரு சபாவின் நவராத்திரிக் கச்சேரி. மேடையில் வேதமுத்து தன் பெடல் ஸ்டீல் கிட்டாரை விரித்துவைத்ததுமே தலைவர் பிரம்மநாயகம் படியேறி வந்துவிட்டார். மேசைபோல நிற்கும் வாத்தியம் அது. கம்பிமேல் இரும்புத் துண்டை நகர்த்தி, அடியிலுள்ள மிதிகளைக் காலால் அழுத்தி வாசிக்க வேண்டும். அதில் கல்யாணி ராகத்தைக் கொண்டுவர வேதமுத்து படாத பாடு பட்டிருந்தான். இதுதான் முதல் மேடை.

“என்னவே இது? அமெரிக்காவுல மாடு மேய்க்கிறவன் பாட்டுக்கு வாசிக்கிறதுல்லா?”

“ஆமாய்யா. கண்ணனும் மாடு மேய்ச்சுக்கிட்டுத்தான் குழல் ஊதினாராம்.”

கூட்டம் சிரித்தது. தலைவர் முகம் சிவந்தது.

“கண்ணன் குழலை மிதிக்கலைவே. வாத்தியம்னா சரஸ்வதி. கால் படாம வாசிக்க முடிஞ்சா வாசியும். இல்லைன்னா இறங்கும்.”

வேதமுத்து கைகட்டி எழுந்தான். “உத்தரவுய்யா. அடுத்து உங்க மகதானே ஆடப்போவுது? சலங்கையும் வாத்தியம்தான். அதைக் கால் படாம எப்படிக் கட்டிக்கிடுதுன்னு பாத்துட்டு, நானும் அப்படியே வாசிக்கேன்.”

முன்வரிசையில் சலங்கையை மடியில் வைத்திருந்த மகள் கோமதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அவ கண்ணுல ஒத்திக்கிட்டுத்தாம்வே கட்டுவா,” என்றார் தலைவர், குரல் இறங்கி.

வேதமுத்து குனிந்து மிதிகளைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டான். தலைவர் இறங்கிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கல்யாணி எழுந்தது. பாதியில் கோமதி அவர் காதில் சொன்னாள்: “அப்பா, கால்!”

பிரம்மநாயகம் குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை.