ஆவுடையப்பருக்குப் படிக்கல் வந்த வரலாறு

வல்லங்குளம் என்னும் ஊரில் சுமைதாங்கிநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு நடந்தவர்கள் பாரத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய முழங்கால் உயரக் கல்தான் அங்கே மூலவர். அந்தக் கோயிலை ஒட்டிய நூலகத்தில், வாசகர்கள் திருப்பித் தந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் வேலையை இருபத்தாறு ஆண்டுகள் செய்தவர் ஆவுடையப்பர். ஒவ்வொரு நூலையும் வைக்கும்போது “நாதா” என்பார். நாளொன்றுக்கு முந்நூறு முறை. நாதருக்கே சில நாள் காது வலித்திருக்கும்.

இளமையில் ஒருமுறை பதினெட்டுக் கலைக்களஞ்சியத் தொகுதிகளை ஒரே தூக்கில் தூக்கி, இடுப்பு பிடித்து, நாற்பது நாள் படுத்துக் கிடந்தார். கூரையைப் பார்த்தபடி கிடந்தவருக்கு ஒன்று விளங்கியது. இந்த உடம்பு நாதரிடம் இரவல் வாங்கியது. கிழிக்காமல் திருப்பித் தர வேண்டும். எழுந்த அன்றே சந்நிதியில் விரதம் பூண்டார். அதன்பின் ஒரு நடைக்கு நான்கு நூல்தான். அதையும் நெஞ்சோடு அணைத்தே எடுப்பார். கீழ்த்தட்டு என்றால் குனியமாட்டார், மண்டியிடுவார். மேல்தட்டு என்றால் எக்கமாட்டார், ஸ்டூல் போட்டு ஏறுவார். இடுப்பைத் திருகாமல் காலை எடுத்துவைத்துத் திரும்புவார். நூறு நூலுக்கு ஒருமுறை கையை உதறிவிட்டுச் சற்று உட்காருவார்.

புதிதாக வந்த நூலகர் தாணுமூர்த்திக்கு இது பிடிக்கவில்லை. “என்னவே, அலமாரிக்கெல்லாம் மண்டி போட்டுக் கும்பிடுதீரு? சோம்பேறித்தனத்துக்குப் பக்தின்னு பேரு வச்சிருக்கீரோ?” என்பார். வாசகர்கள் சிரிப்பார்கள். ஆவுடையப்பரும் சிரித்துவிட்டு அடுத்த நான்கை எடுப்பார்.

ஒருமுறை நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். இரண்டாயிரம் புத்தகங்கள் உள்ளறையில் இடுப்பளவு குவிந்தன. மறுநாள் காலை மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. ஸ்டூலை வெள்ளையடித்தவர்கள் எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எல்லாம் அலமாரியில இருக்கணும்,” என்றார் தாணுமூர்த்தி. “இல்லைன்னா நாளையிலயிருந்து நீரு வர வேண்டாம்.”

“ஸ்டூல் மட்டும் குடுத்திருங்க ஐயா. மேல்தட்டு எட்டாது.”

“அதான் ரூம் பூரா புஸ்தகம் கெடக்கே. அடுக்கி வச்சு ஏறும்வே.”

சொல்லிவிட்டு, இவர் இடையில் கோயிலுக்கு ஓடிவிடக் கூடாதென்று வெளியே பூட்டும் போட்டுக்கொண்டு போனார்.

அறையின் இரண்டு சன்னல்களையும் அலமாரிகள் மறைத்திருந்தன. சுண்ணாம்பு நெடி தொண்டையை அடைத்தது. ஆவுடையப்பர் மண்டியிட்டார், எழுந்தார், மண்டியிட்டார். இரண்டு மணிக்குள் கீழ்த்தட்டும் நடுத்தட்டுகளும் நிறைந்துவிட்டன. மேல்தட்டுக்குரிய நானூறு தடித்த நூல்கள் காலடியில் கிடந்தன.

எக்கி வைத்தால் தோள் பிசகும், விரதம் போகும். வைக்காமல் விட்டால் வேலை போகும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தத் திருப்பணி கிடைக்கும்? அந்த அறையில் ஏறி நிற்க இருந்ததோ புத்தகம் ஒன்றுதான். தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனிதர், தெரிந்து எப்படி ஏறுவார்? கதவைத் தட்டினார். யாரும் வரவில்லை. கோயில் இருக்கும் திசையில் கும்பிடலாம் என்றால், சுற்றிச் சுற்றி நடந்ததில் திசையும் மறந்துபோயிற்று. ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக் கண்ணை மூடினார்.

“நாதா, உம்ம புஸ்தகத்தையும் மிதிக்க மாட்டேன். நீரு தந்த உடம்பையும் கிழிக்க மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். நீரே பாத்துக்கிடும்.”

கண்ணைத் திறந்து ஓரடி வைத்தவர் எதிலோ இடித்துக்கொண்டார். முழங்கால் உயரத்தில் ஒரு கல். வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போனது என்று நினைத்தார். தடவினால் பிசுபிசுவென்று எண்ணெய். வழுக்கினால் இடுப்பு போய்விடுமே என்று, தோளில் கிடந்த துண்டால் அதை நன்றாக அழுத்தித் துடைத்தார். ஆடாமல் நிற்கிறதா என்று அசைத்தும் பார்த்தார். பிறகு ஏறினார், இறங்கினார், நூறு முறை.

நாலரைக்குக் கோயில் நடையைத் திறந்த பட்டர், கருவறையில் பீடம் மட்டும் இருப்பதைக் கண்டார். தரையில் எண்ணெய்ச் சொட்டுகள். அவை பிராகாரத்தைக் கடந்து, தெருவைக் கடந்து, நூலகத்தின் பூட்டிய கதவடியில் போய் நின்றன. ஊரே பின்னால் வந்தது. தாணுமூர்த்தி பூட்டைத் திறந்தார். புத்தகங்கள் அத்தனையும் அலமாரியில் இருந்தன. நடுவில் நாதர் இருந்தார், உச்சியில் இரண்டு காலடித் தடங்களோடு.

வெளிச்சம் பட்டதும் கல்லை அடையாளம் கண்ட ஆவுடையப்பர் நிலத்தில் விழுந்தார். “பாவி, சாமி மேலயா ஏறி நின்னேன்? எண்ணெயையும்லா தொடச்சிட்டேன்.”

“தள்ளுங்கவே, நான் தூக்குதேன்,” என்று தாணுமூர்த்தி இடுப்பை வளைத்துக் கல்லைப் பற்றினார். இடுப்பு பிடித்த சத்தம் வாசல்வரை கேட்டது. அப்படியே நின்றுவிட்டார். நிமிர்த்தவும் முடியவில்லை, படுக்கவைக்கவும் முடியவில்லை. நாற்காலியில் கவிழ்த்து எடுத்துப் போனார்கள். அடுத்து வந்த இரண்டு பயில்வான்களுக்கும் அதே கதி.

பட்டர் ஆவுடையப்பரிடம் குனிந்தார். பிறகு யோசித்து, மண்டியிட்டார். “ஓய், அழறதை அப்புறம் வச்சுக்கும். இவரை எப்படித் தூக்கறதுன்னு உமக்குத்தான் தெரியும். சொல்லும்.”

ஆவுடையப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாலு பேரு வாங்க. இடுப்ப வளைக்காதீங்க, முட்டிய மடக்கி உக்காருங்க. நெஞ்சோட அணைச்சுக்கிடுங்க. இப்ப காலால எந்திரிங்க. திரும்பணும்னா பாதத்தை எடுத்துவச்சுத் திரும்புங்க. ‘நாதா’ன்னு சொல்லிக்கிடுங்க.”

அசையாத கல் நான்கு புத்தகங்களின் எடைக்கு எழுந்து வந்தது. பீடத்தில் வைக்கும்போது, “இறக்கிவைக்கவே நான் இருக்கிறேன், என் மேல் ஏறியவன் என்னை மிதிக்கவில்லை” என்று ஒரு குரல் கேட்டதாம். கேட்டவர் நால்வர். நால்வரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்.

நாற்பத்தோராம் நாள் தாணுமூர்த்தி வேலைக்குத் திரும்பினார். கையில் ஒரு புது ஸ்டூல் இருந்தது. அதை ஆவுடையப்பர் முன்னால் வைத்தபோது மண்டியிட்டுத்தான் வைத்தார். நாதரின் உச்சியில் அந்தக் காலடிகள் இன்றும் இருக்கின்றன. ஊற்றும் எண்ணெய் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் இறங்கும்.

நூலின்மேல் கால் வைக்க மாட்டாதவர்க்குத் தம் தலையையே படியாகத் தந்தார் சுமைதாங்கிநாதர். அந்தப் பாதங்களை வணங்குவோம், முட்டியை மடக்கி.