மூன்று வாய் தாண்டிய செய்தி

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் இருந்த காலம். ராஜாக்களைச் சுற்றி நிறையப் பேர் நின்ற காலம். அப்போது நெடுங்கரை நாட்டை இளவேலன் என்ற மன்னன் ஆண்டான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். குடிமக்கள் சொல்வது மூன்று வாய் தாண்டித்தான் மன்னன் காதுக்குப் போகும். வாசலில் கட்டியக்காரன் கேட்பான். அவன் சாமரம் வீசுகிறவனிடம் சொல்வான். அவன் வெற்றிலைப் பெட்டி ஏந்துகிறவனிடம் சொல்வான்.

ஒரு மழைக்காலத்தில் சிவந்தி என்பவள் அந்த வாசலுக்கு வந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே அவளுடைய வெற்றிலைக் கொடிக்கால். அதற்கும் கீழே ஊர் முழுக்க.

"கரை கசியுது, சாமி. சீக்கிரம் ஆள் அனுப்பலேன்னா ஊரே போயிடும்."

தன் சொல் உள்ளே போய் என்ன ஆகிறது என்று அவளுக்கு ஆவல். கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஏரியில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாம்" என்றான் கட்டியக்காரன்.

"ஏரி நிரம்பிவிட்டதாம்" என்றான் சாமரக்காரன்.

"தங்கள் புண்ணியத்தில் ஏரி ததும்புகிறது, பிரபு" என்றான் பெட்டிக்காரன்.

மன்னனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சிவந்தி கையில் ஒரு பட்டுச்சேலையோடு வீடு திரும்பினாள்.

மறுநாளும் வந்தாள். "கரையில விரிசல் விட்டிருச்சு!"

"கரையில் ஒரு கோடு தெரிகிறதாம்."

"கரையில் யாரோ கோடு இழுத்திருக்கிறார்களாம்."

"தங்களை வாழ்த்தி ஊரார் கரையெல்லாம் கோலம் போட்டிருக்கிறார்கள், பிரபு."

இன்னொரு பட்டுச்சேலை வந்தது. சிவந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கெட்ட செய்திதானே உள்ளே போக மாட்டேன் என்கிறது, நல்ல செய்தி போனால் என்ன ஆகும் என்று யோசித்தாள்.

மூன்றாம் நாள் கட்டியக்காரன் அவளைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னும் ஒரு சேலை குறைகிறதா?" என்றான்.

"அது கிடக்கட்டும் சாமி. ஏரி அவ்வளவு அழகா இருக்கு. ராசா வந்து பார்க்கணும்னு ஊரே ஆசைப்படுது."

இந்தச் சொல்லை யாரும் குறைக்கவில்லை. ஏரி கடலாகி, கடல் பாற்கடலாகி மன்னனிடம் போய்ச் சேர்ந்தது. அன்றே அவன் பரிவாரத்தோடு புறப்பட்டான். வழிகாட்டச் சிவந்தியும் கூட நடந்தாள்.

கரைமேல் ஏறி நாலடி வைத்ததும் மன்னனுடைய கால் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. கட்டியக்காரன் பதறிப்போய்த் தன் காலையும் புதைத்துக்கொண்டான். மற்ற இருவரும் அப்படியே.

"மெத்தை மாதிரி இருக்கிறது, பிரபு" என்றான் பெட்டிக்காரன்.

மன்னன் அவனைப் பார்க்கவில்லை. முதல்முறையாக நேரே சிவந்தியிடம் கேட்டான். "அம்மா, இது என்ன?"

"கரை உடையப்போகுது, மகாராசா. இதைத்தான் ரெண்டு தரம் சொல்லி அனுப்பினேன். சேலை கொடுத்து அனுப்பிட்டீங்க."

மன்னன் மூவர் பக்கமும் திரும்பினான்.

"பொய் சொல்லவில்லை, பிரபு" என்றான் கட்டியக்காரன். "ஆளுக்குக் கொஞ்சம் இனிப்பு சேர்த்தோம். அவ்வளவுதான்."

மன்னன் ஒரு கூடை மண்ணைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். மன்னன் மண் சுமக்கும்போது பரிவாரம் சும்மா நிற்க முடியுமா? சாமரம் கீழே விழுந்தது. பெட்டிக்காரன் வெற்றிலையைக் கொட்டிவிட்டு அந்தப் பெட்டியிலேயே மண் அள்ளினான். ஊரும் மண்வெட்டியோடு ஓடிவந்தது. இருட்டுவதற்குள் விரிசல் அடைபட்டது. கரை நின்றது, ஊர் பிழைத்தது.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: சுற்றி நிற்பவர்களின் இனிய சொல்லை மட்டும் நம்பாமல், தானே போய்ப் பார்த்து, தானே கேட்டறிகிற தலைவன்தான் நாட்டைக் காப்பாற்றுவான்.