சுரைநாற்று தலையில் வீட்டோடு வந்தது ஏன்?

அந்தக் காலத்தில், அதாவது மாதங்களுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்திருந்தும் அவற்றை ஒருவரும் மதிக்கத் தொடங்காத காலத்தில், விதைகளும் பேசின. அவற்றுக்குப் பதில் சொல்லும் பொறுமை மனிதர்களுக்கும் இருந்தது.

அப்போதெல்லாம் மழை பெய்தால்தான் விதை முளைக்கும். முளைக்கும்போது மேலோட்டை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு வெளியே வரும். திரும்பிப் போக வழி கிடையாது. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. வெளியேதான் மழை இருக்குமே.

காத்தாயியால் மழைவரை பொறுக்க முடியவில்லை. தனிக்குடித்தனம் வந்த முதல் மாசி அது. "உன் கொல்லையில் கோரைகூட முளைக்காதுடி" என்று வாழ்த்தி அனுப்பியிருந்தாள் மூத்த ஓரகத்தி பேச்சி. ஊர் விதைப்பதற்கு முன்னால் விதைத்து, ஊர் காய்ப்பதற்கு முன்னால் காய்த்துக் காட்ட வேண்டும். ஆனால் காத்தாயியின் கையில் மிஞ்சியது ஒரே ஒரு சுரைவிதை. மற்றவற்றை எலி தின்றுவிட்டது. அது பேச்சி வீட்டு எலி என்பது அவள் கட்சி. ஆதாரம் கிடையாது.

குழி வெட்டி, மக்கிய சாணம் இட்டு, விதையை ஊன்றினாள். தினமும் அரிசி களைந்த தண்ணீரைத் தெளித்தாள்.

விதைக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரம் மேலேயிருந்துதான் வந்தது. ஆகவே மழை. ஆனால் மழையில் ஏன் அரிசி வாசம்?

"மண்புழு அண்ணே, மேலே மழையா?"

"மேல்மண்ணு நனைஞ்சிருக்கு. அடிமண்ணு காஞ்சு கிடக்கு. இப்படி ஒரு மழையை நான் பார்த்ததேயில்லை" என்றது மண்புழு. சற்று யோசித்து, "நான் எதையுமே பார்த்ததில்லை. எனக்குக் கண் இல்லை" என்று நேர்மையாகச் சேர்த்துக்கொண்டது.

அந்த வழியாக ஓர் எறும்பு போயிற்று. "மழைன்னா நாங்க முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுவோம்."

"ஏறினீங்களா?"

"காலையில ஏறினோம். மத்தியானம் இறங்கிட்டோம். இப்ப மறுபடி ஏறச் சொல்றாங்க. என்னைக் கேட்காதே."

விதை மேலே பார்த்துக் கத்தியது: "அம்மா, மழையா?"

"மழைதான் ராசா! கொட்டுது! சீக்கிரம் வா!" என்றாள் காத்தாயி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

உள்ளேயே இருந்தால் ஈரத்தில் அழுகிவிடும். வெளியே போய், அது மழையில்லை என்றால், கருகிவிடும். விதை இப்படியும் அப்படியும் யோசித்துக் கடைசியில், இதுவரை எந்த விதையும் செய்யாத ஒன்றைச் செய்தது. பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வீட்டையே தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பாரம் தாங்காமல் கழுத்து வளைந்தது.

"தலையில என்னடா அது?" என்றாள் காத்தாயி.

"வீடும்மா. இதுதான் மழையா?"

அது திரும்பிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் காத்தாயி மேலோட்டை நகத்தால் பிடித்தாள்.

"அடியே, பிய்க்காதே!" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சியின் குரல். கோரையாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வந்தவள். "இலை ரெண்டும் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு. இழுத்தா தலையே கையோட வந்துடும்."

காத்தாயி நகத்தை எடுத்துக்கொண்டாள். "வெயில்ல கருகுதே அக்கா. நான் என்ன செய்ய?"

"மழைன்னு சொன்னது நீதானே? பெய்."

காத்தாயி உட்கார்ந்தாள். முந்தானையால் நிழல் பிடித்தபடி, விரல்நுனியால் ஓட்டின்மேல் சொட்டுச் சொட்டாகத் தெளித்தாள். உலை வைக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஓடு ஊறி, நெகிழ்ந்து, தானாகக் கழன்று விழுந்தது. இரண்டு இலைகள் விரிந்தன.

நாற்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. மேகமே இல்லை. சொட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தது. இனித் திரும்பிப் போகவும் முடியாது.

"இந்த மழை எப்பம்மா நிற்கும்?"

"நிற்காது" என்றாள் காத்தாயி. இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.

அன்று முதல்தான் சுரையும் பூசணியும் பீர்க்கும் மேலோட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குனிந்த கழுத்தோடு, பாதி நம்பிக்கையில் முளைக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பிய்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து விரலால் பெய்கிறார்கள்.