எட்டுக் கூடை வேண்டாம் என்ற நீர்நாய்

ஒரு காட்டில் நடந்ததாக ஒரு காகம் எனக்குச் சொன்ன கதை இது, குழந்தைகளே. பல வருடங்களாக நான் இதை நம்பவில்லை. உழைத்த பிராணி, தன் உழைப்புக்குக் கிடைத்ததைத் தானே வேண்டாம் என்று சொல்லுமா? சொல்லாது என்றுதான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

அந்தக் காட்டில் ஒரு நீர்நாய் புலி ராஜாவின் அரண்மனைக்கு மீன் பிடித்துக் கொடுத்து வந்தது. மழைக்காலம் முழுவதும் வேலை. முடிவில் கூலி பத்துக் கூடை கருவாடு. கோடையில் ஆறு வற்றிவிடும். அந்தக் கருவாட்டை வைத்துத்தான் நீர்நாயும் அதன் மனைவியும் கோடையைத் தள்ள வேண்டும்.

அந்த வருடம் மூன்று குட்டிகள் பிறந்திருந்தன. பத்துக் கூடை போதாது. தீர்ந்துவிட்டால் மலையைத் தாண்டி வேறு ஆறு தேட வேண்டும். சின்னக் குட்டிகளோடு மலை ஏறுவது ஆபத்து.

அந்த வருடம்தான் பெருவெள்ளமும் வந்தது. நீர்நாய் ஒரு நாளும் வேலையை நிறுத்தவில்லை. புலி ராஜா மகிழ்ந்து, கூலிக்கு மேல் எட்டுக் கூடை போனஸ் கொடுக்கச் சொன்னது.

கொடுக்க வேண்டியவன் அரண்மனைக் காரியஸ்தன் நரி.

"தாராளமாக வாங்கிக்கொள், தம்பி. ஆனால் குளத்து வரி இருக்கிறதே," என்றது நரி. பொதுக்குளத்தைத் தூர்வாருவதற்காக யானை வசூலிக்கும் வரி அது. "பத்துக் கூடை வரை ஒன்றும் கிடையாது. ஒரு கூடை கூடினாலும் மொத்தத்தில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். பதினெட்டில் பாதி எவ்வளவு?"

"ஒன்பது, ஐயா."

"கையில் இருக்கும் பத்தை ஒன்பதாக்கிக்கொள்ளப் போகிறாயா? உன் இஷ்டம்."

நீர்நாய்க்கு ஆத்திரம் பொங்கியது. "வெள்ளத்தில் செத்துப் பிழைத்தவன் நான். எவனோ உட்கார்ந்த இடத்தில் பாதியை வாங்கிக்கொள்வானா? எனக்கு அந்தப் போனஸே வேண்டாம்."

நரி மிகவும் வருத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்த நீர்நாய், வரிக்காரர்களை ஏமாற்றிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னது.

மனைவி கேட்டது: "தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினால் தலையில்தானே வெயில் படும்? உள்ளே கிடக்கும் வாலுமா சுடும்?"

"உனக்குக் கணக்குத் தெரியாது," என்றது நீர்நாய்.

பாதிக் கோடையிலேயே கருவாடு தீர்ந்தது. குட்டிகள் பசியில் கத்தின. நீர்நாய் நேராக யானையிடம் போய், உன் வரியால்தான் என் குட்டிகள் பட்டினி என்று திட்டித் தீர்த்தது. யானை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"பத்துக்கு மேல் இருப்பதில்தான் பாதி, அப்பா. அந்தப் பத்தை யாரும் தொடமாட்டார்கள். எட்டில் நாலு குளத்துக்கு, நாலு உனக்கு. பதினாலு கூடையோடு போயிருக்கலாம். யார் உனக்கு வேறு மாதிரி சொன்னது?"

நீர்நாய் நரியின் குகைக்கு ஓடியது. வாசலில் எட்டுக் காலிக் கூடைகள் கிடந்தன. உள்ளே நரி பல்லில் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லி என் குட்டிகளின் சோற்றைத் தின்றுவிட்டாயே," என்றது நீர்நாய்.

"நான் சொன்னேன். நீ ஏன் நம்பினாய்?" என்றது நரி. "குளம் யானையின் பொறுப்பு. யானையைக் கேட்டிருக்கலாமே."

மறுநாளே அந்தக் குடும்பம் மலை ஏறியது. அப்பா ஒரு குட்டியைக் கவ்வியது. அம்மா ஒன்றைக் கவ்வியது. மூன்றாவது குட்டி பின்னால் நடந்தது.

இதையெல்லாம் காகம் வார்த்தை பிசகாமல் சொல்லும். நரி எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியது என்பதுகூட அதற்குத் தெரியும். அதுதான் என்னை இத்தனை வருடம் உறுத்தியது. கடைசியில் ஒருநாள் கேட்டே விட்டேன்:

"உனக்கு வரிக் கணக்குத் தெரியும். நரி அந்தப் பொய்யைச் சொன்னபோது மேலே கிளையில்தான் இருந்தாய். வாயைத் திறக்காமல் இருந்ததற்கு, நரி உனக்கு எத்தனை கருவாடு கொடுத்தது?"

நீதி: உன் கூலியில் பிடித்தம் எவ்வளவு என்பதை, நீ வாங்காமல் விட்டால் லாபம் அடைகிறவனிடம் கேட்காதே.