காது குத்திய மந்திரக்கால்

நொச்சி நாட்டில் மந்திரக்கால் செய்யும் வித்தை தொலைந்துபோனதற்கு அலட்சியம் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அளவுக்கு மீறிய பாதுகாப்புதான் காரணம்.

ஒரு காலத்தில் அங்கே காலை இழந்தவர்களுக்கு வேங்கை மரத்தில் கால் செய்து கொடுப்பார்கள். அது சொன்ன பேச்சைக் கேட்கும். நட என்றால் நடக்கும், ஏறு என்றால் பனை ஏறும். பக்கத்து நாட்டுக்காரன் திருடிவிடுவானோ என்று பயந்த ராஜா, வித்தை தெரிந்தவர்கள் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ரகசியம் இன்றுவரை கசியவில்லை.

பின்னால் வந்த ராஜா, தொலைந்ததைத் தேடக் கால் மீட்பு வாரியம் ஒன்றை அமைத்தார். தலைவர் பூவுலிங்கம், ஏடு படிக்கத் தெரிந்த சடைச்சி, தச்சு வேலை தெரிந்த கும்பையா என்று மூன்று பேர். இருபத்திரண்டு வருஷமாக வாரம் தவறாமல் கூடி, இன்னும் கிடைக்கவில்லை என்பதை ஒருமனதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களிடம்தான் ஆவுடைச்செல்வி வந்து மாட்டினாள். ஆற்றில் வலை வீசும்போது முதலை அவள் வலது காலை முழங்காலோடு கொண்டுபோயிருந்தது. அதன் பிறகும் கம்பு ஊன்றிக்கொண்டு மீன் பிடித்தாள், படகு விட்டாள். ஆனால் தை மாதம் அவளுக்கும் நம்பிராசனுக்கும் கல்யாணம். அந்த நாட்டில் தாலி கிடையாது. பெண் வலது காலை அம்மிமேல் வைக்க, மாப்பிள்ளை அதில் மெட்டி போடவேண்டும். மெட்டி ஏறினால்தான் கல்யாணம். “இடது கால்லயே போட்டுருதேன்” என்றான் நம்பிராசன். அவனை வளர்த்த அத்தை, “வலது கால் இல்லேன்னா வேற இடம் பாப்போம்” என்று முடித்துவிட்டாள்.

வாரியத்தின் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்திருந்த ஓலைச்சுவடியை, காத்திருந்த அலுப்பில் ஆவுடைச்செல்வி உருவினாள். “இதுல காலு, காலுன்னு எழுதியிருக்கே?”

சடைச்சி தூசி தட்டிப் படித்தாள். மந்திரக்கால் செய்யும் முறை!

பூவுலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. “இப்போ பெஞ்சு ஆடுமே.”

‘இழந்த காலை அளந்து அதன்படி செய்க’ என்றது முதல் வரி.

“இழந்த கால் எங்கவே இருக்கு?”

“முதலை வயித்துல.”

“அப்போ அங்கதான் போய் அளக்கணும்.”

போனார்கள். கும்பையா அளவுக்கயிற்றை நீட்டி, “அண்ணாச்சி, கொஞ்சம் வாயைத் திறங்க” என்றார். முதலை உடனே திறந்தது. நொச்சி நாட்டில் அரசாங்கத்தோடு அவ்வளவு சீக்கிரம் ஒத்துழைத்த ஒரே குடிமகன் அதுதான். கயிற்றையும் தலைப்பாகையையும் அங்கேயே விட்டுவிட்டுக் கும்பையா திரும்பினார்.

“இந்தக் காலை அளங்களேன், ரெண்டும் ஒரே அளவுதானே!” என்று ஆவுடைச்செல்வி இடது காலை நீட்டினாள்.

“இடது காலை அளந்தா இடது கால்தான் வரும், தாயி” என்றார் பூவுலிங்கம் இரக்கத்தோடு. “ரெண்டு இடது காலை வச்சுக்கிட்டு ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வரப்போறியா?”

அவள் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து இடது காலுக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் வலது கால் தெரிந்தது.

“வலது காலை வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு எங்களை முதலைகிட்ட அனுப்பினியே, இது நியாயமா?” என்றார் கும்பையா.

கால் தயாரானது. ‘உரியவள் பெயரை அதன் காதில் மூன்று முறை ஓதுக’ என்றது அடுத்த வரி.

“காலுக்கு ஏதுவே காது?”

“இல்லேன்னா வச்சிருவோம்.”

முட்டிக்குக் கீழே அழகாக ஒரு காது செதுக்கினார் கும்பையா. சடைச்சி அதைப் பார்த்துக் கவலைப்பட்டாள். “பொண்ணோட கால். காது குத்தாம கல்யாணத்துக்கு அனுப்பினா ஊர் நம்மளை என்ன பேசும்?” மூன்று நாள் கூட்டம் நடந்தது. கும்பையா தாய்மாமனாக இருந்து மடியில் வைத்துக்கொள்ள, காது குத்தினார்கள். கால் அழவே இல்லை. “தைரியமான பிள்ளை” என்று பூவுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் காதில், “ஆவுடைச்செல்வி, ஆவுடைச்செல்வி, ஆவுடைச்செல்வி” என்று ஓதினார்.

கால் சிலிர்த்தது. எழுந்து நின்றது. நடந்தது. வாரியத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஒன்று பலித்துவிட்டது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. தன் பெயரே ஆவுடைச்செல்வி என்று கால் நம்பிவிட்டது.

“குடுங்க, மாட்டிப் பாக்கேன்” என்றாள் நிஜமான ஆவுடைச்செல்வி.

“‘நல்ல முகூர்த்தத்தில் பொருத்துக’ன்னு போட்டிருக்கு. அடுத்த முகூர்த்தம் உன் கல்யாணந்தான். அதுவரைக்கும் தொடப்படாது.”

கல்யாணத்தன்று வாரியம் தாமதமாக வந்தது. கால் முன்னால் நடந்தது. நம்பிராசன் கட்டியிருந்தது இரவல் தலைப்பாகை. மூக்குவரை இறங்கிக் கண்ணை மறைத்தது. நடத்திவைக்கும் பெரியவர் நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், “ஆவுடைச்செல்வி, அம்மிமேல ஏறும்மா!” என்று குரல் கொடுத்தார்.

“பொறுங்க, கால் இப்பத்தான் வந்து...” என்று பெண் சொல்லி முடிப்பதற்குள், கால் பணிவாகத் துள்ளி அம்மிமேல் ஏறி நின்றது. நம்பிராசன் தடவிப் பார்த்து மெட்டியைப் போட்டான். மேளம் கொட்டியது. எல்லாரும் காலின்மேல் அட்சதை தூவினார்கள்.

“யோவ், நான் இங்க உக்காந்திருக்கேன்!”

நம்பிராசன் தலைப்பாகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தான். அத்தை குனிந்து சோதித்தாள். “வலது காலு. மெட்டி ஏறிருச்சு. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“ஆவுடைச்செல்வி, வந்து ஒட்டிக்கோ” என்று ஆவுடைச்செல்வி கூப்பிட்டாள். கால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. கம்பைப் போட்டுவிட்டு அவள் எழுந்து நின்றாள். நம்பிராசன் அழுதேவிட்டான்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் அத்தை ஆரத்தி சுற்றினாள். “வலது காலை எடுத்து வச்சு உள்ள வாம்மா.”

எடுத்து வைத்தாள். பூவுலிங்கம் குறுக்கே பாய்ந்தார்.

“வலது கால் போகலாம், அது உங்க வீட்டு மருமக. மீதி நிக்கட்டும்.”

“என்னது?”

“மெட்டி போட்டது காலுக்கு. மீதி கல்யாணமாகாத பொண்ணு. ஒரு ஆம்பளை வீட்டுல எப்படித் தங்கும்?”

“அதான் ஒட்டியாச்சேவே!” என்றான் நம்பிராசன்.

“ஒட்டினா ஆச்சா? நேத்து என் முதுகுல அட்டை ஒட்டுச்சு. அது என் பொண்டாட்டியா?”

“அப்போ மீதியை என்ன செய்யணும்?” என்று கேட்டாள் ஆவுடைச்செல்வி.

“நாங்க மாப்பிள்ளை பாக்கோம், தாயி. அது வாரியத்தோட பொறுப்பு.”

“நல்லாப் பாருங்க. அவசரமே இல்ல” என்றாள் அவள். இரண்டு காலையும் எடுத்து வைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். வருஷம் தவறாமல் தை பிறந்ததும் மூவரும் ஜாதகக் கட்டோடு அந்த வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நம்பிராசனும் மோர் கொடுத்து விசாரிக்கிறான். போன தையில் பூவுலிங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கமான பையன். ஒரே ஒரு குறைதான். இடது கைக்கு மட்டும் ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு.”

“அதனால ஒண்ணும் தொந்தரவு இல்ல, தாயி” என்றார் கும்பையா அவசரமாக. “அது தனிக்குடித்தனம் போயிருச்சு.”