குக்குறுவானுக்கு மிஞ்சிய ஒரு சொல்

முதலில் கெடுத்தது உடும்பு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பறப்பதும் ஊர்வதும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு பொல்லாத கோடை வந்தது. ஓடை வற்றியது. மலையடியில் முறம் அகலத்துக்குக் கொஞ்சம் சேறு மட்டும் மிஞ்சியது. பிழிந்தாலும் ஒரு சொட்டு வராது. அதன் பக்கத்தில் பட்டுப்போன முருங்கை மரத்தில் குக்குறுவான் என்ற சின்னக் குருவியின் குடும்பம் இருந்தது. பொந்துக்குள் இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

வற்றாத சுனை ஒன்று உண்டு. அதற்குப் போகும் வழி செங்குத்துப் பாறையில் வரி வரியாக எழுதியிருந்தது. எழுத்து தேய்ந்துபோனதால் நாக்கால் தடவித்தான் படிக்க முடியும். அது உடும்புக்கு மட்டுமே வரும்.

"படிச்சுச் சொல்லுங்க அண்ணே. பிள்ளைங்க போயிடும் போல இருக்கு" என்றது குக்குறுவான்.

"ஒரு தடவைதான் படிப்பேன். பாறை வயித்தைச் சுடுது தம்பி. ஒரு வரி படிச்சு, இறங்கி வந்து, இந்தச் சேத்துல கீறிட்டு அடுத்த வரிக்கு ஏறுவேன்" என்றது உடும்பு.

பெண் குருவி பொந்திலிருந்து தலையை நீட்டியது. "ஒவ்வொரு வரியையும் மரத்துல முழுசாக் கொத்தி வச்சிடுங்க. மரத்துல கொத்தினது மாறாது."

முதல் வரி சேற்றில் விழுந்தது. குக்குறுவான் அதைப் பார்த்துக் கொத்தத் தொடங்கியது. உடும்பு சிரித்தது.

"நீ இதைக் கொத்தி முடிக்கறதுக்குள்ள உன் பேரப்பிள்ளை பறந்துடும்! வரிதான் சேத்துல இருக்கே, எங்கே ஓடப்போகுது? வரிக்கு ஒரு துளை போட்டுக்க. 'சேத்தைப் பார்'னு அர்த்தம். கடைசியில சாவகாசமாப் படிச்சுக்கலாம்."

குஞ்சுகள் முனகிக்கொண்டிருந்தன. குக்குறுவானுக்கு அது சுருக்கு வழியாகப் பட்டது. கொத்தத் தொடங்கிய முதல் எழுத்தை அரைகுறையாக விட்டுவிட்டு ஒரு துளை போட்டது. அதன்பின் உடும்பு "எழுதிட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் மரத்தைப் பார்த்தபடியே இன்னொரு துளை போட்டது. முதுகுக்குப் பின்னால் உடும்பு ஒவ்வொரு முறையும் வாலால் சேற்றை வழித்துவிட்டு, அதே இடத்தில் அடுத்த வரியைக் கீறியது.

"முடிஞ்சுது" என்றது உடும்பு.

குக்குறுவான் முதல் துளையைப் பார்த்தது. சேற்றைப் பார் என்றது துளை. சேற்றில் ஒரே சொல்: குடி. சுனையை அடைந்தவனுக்காக எழுதிய கடைசி வரி அது. இரண்டாம் துளையும் அதே சேற்றைக் காட்டியது. அங்கேயும் குடி. மரம் நிறையத் துளைகள். எல்லாவற்றுக்கும் குடி, குடி, குடி. எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் பாறையைத் தாண்டுவது, ஒன்றும் இல்லை.

"மத்த வரியெல்லாம் எங்கேண்ணே?"

"இருக்கறது ஒரே சேறு. அடுத்த வரியை உன் தலையிலயா எழுதுவேன்? நீ எடுத்துக்கிட்டேன்னு நினைச்சேன்."

இதை நியாயம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருக்கட்டும். கொத்தாதே என்று சொன்ன வாய் எது?

"இன்னொரு தடவை ஏறுங்கண்ணே. கால்ல விழறேன்."

"ஒரு தடவைன்னு முன்னாடியே சொன்னேன்ல?" உடும்பு பாறை இடுக்குக்குள் புகுந்து நகங்களை ஊன்றிக்கொண்டது. குக்குறுவான் அதன் வாலை அலகால் பற்றி இழுத்தது. உடும்புப் பிடியை யாரால் அசைக்க முடியும்?

குக்குறுவான் பொந்துக்குத் திரும்பியது. தகப்பனிடம் கொடுக்க இருந்தது அந்த ஒரு சொல்தான். குஞ்சுகளின் வாயருகே குனிந்து "குடி, குடி" என்றது. ஒவ்வொன்றாக வாய் அசைவது நின்றது. அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தது. தொண்டை வெடித்து ரத்தம் கசிந்தது. சொல் தேய்ந்து வெறும் "குக்" ஆயிற்று.

அன்று தொடங்கியதுதான், குக்குறுவான் தொண்டைக்கு அடியில் சிவப்பும், கோடை முழுவதும் உச்சிக்கிளையில் நிற்காமல் கேட்கும் அந்த ஒற்றைக் குரலும். உடும்பு அந்த வரிகளை இன்னும் திருப்பிப் படிக்கவில்லை.