மெடலை எந்தப் பக்கம் குத்துவது

பட்டாளத்தில் டிரில் சொல்லிக்கொடுப்பவரை உஸ்தாத் என்பார்கள். ஆசான் என்று பொருள். பதவியில் அவர் சின்னவர்தான். ஆனால் நாளைக்கு ஜெனரல் ஆகப்போகிறவனும் முதலில் அவர் சொல்கிற காலைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

தாசையன் உஸ்தாத் இருபது வருஷம் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர். எதிரே நிற்பவர்கள் வருங்கால அதிகாரிகள் என்பதால் வாயில் 'சார்' தவறாது. "கை ஆடுது சார். உங்க வீட்டுத் தொட்டிலா சார்?" என்பார். அந்த 'சார்'தான் எல்லா வசவையும்விடச் சுடும் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் சொல்வார்கள்.

சுபேதாராக ஓய்வு பெற்ற பிறகு மலைமேல் கன்டோன்மென்ட் வாசலில் ஒரு கடை போட்டார். அதிகாரிகளின் மெடல்களை வரிசைப்படி ஒரு பட்டையில் கோத்துத் தைத்துத் தருவது வேலை. மெடல் குத்த வருகிறவர் உடுப்போடுதான் வர வேண்டும். சட்டையை மட்டும் கொடுத்தனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். "ஹேங்கருக்கு ஏது நெஞ்சு?" என்பார்.

ரெஜிமென்ட் தின அணிவகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் கர்னல் ஜெயபாலன் உடுப்போடு கடைக்கு வந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் தாசையனிடம் கால் எடுத்து வைக்கக் கற்றவர். மனசுக்குள் முடிச்சு விழுந்தால் இன்றைக்கும் அவரிடம்தான் வருவார்.

உஸ்தாத் எழுந்து சல்யூட் அடித்தார். கர்னலும் அடித்தார்.

"புதுசு ஒண்ணு சேர்க்கணும் உஸ்தாத்."

கர்னல் பழைய மெடல்கள் ஏழையும் மேசையில் வைத்துவிட்டு, சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்தார். ஆப்பிரிக்காவில் அமைதிப்படையோடு போய்ச் செய்த பணிக்காக, போன மாதம் டில்லியில் அவர் நெஞ்சில் குத்திய மெடல்.

உஸ்தாத் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அடேங்கப்பா! என் கையில பழகினவங்கள்ல இதை வாங்கினது நீங்க ஒருத்தர்தான் சார். ரொம்பச் சந்தோஷம்."

கர்னல் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன சார், மெடல் வாங்கினவர் பல்லைப் பிடுங்கிக்கிட்டவர் மாதிரி நிக்கிறீங்க?"

"உஸ்தாத், ஒரு கேள்வி. இதைத் திருப்பிக் கொடுத்துடலாமா?"

உஸ்தாத் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சொல்லுங்க."

"ஆத்தங்கரையில எங்க முகாம். அக்கரையில ஒரு ஊரைக் கொளுத்திட்டாங்க. சனங்க தண்ணி ஓரமா நின்னு கத்துறாங்க. ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வயர்லெஸ்ல கேட்டேன். யாரும் ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு. என் கீழ இருந்த சிப்பாய், நாயக் ஏகாம்பரம்கிட்ட, படகைக் கட்டுன்னு சொன்னேன்."

"கட்டினானா?"

"சரி சார்னான். போய் அவிழ்த்துட்டான். மூணு நடை போய் வந்தான். முப்பத்தொரு பேர். பாதி குழந்தைங்க. நான் கரையில நின்னு, திரும்பி வாடா, வாடான்னு கத்தினேன். நாலாவது நடையில படகு கவுந்துச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் அவன் கிடைச்சான்."

உஸ்தாத்தின் கை நின்றது.

"காகிதத்துல என்ன எழுதினீங்க?"

"உத்தரவை மீறினான்னு எழுத மனசு வரல. செத்தவன் பேரு கெட்டுப்போயிடுமேன்னு நெனச்சேன். படகைக் கட்டும்போது தவறி விழுந்துட்டான்னு எழுதினேன். முப்பத்தொரு பேரை முகாம் காப்பாத்துச்சுன்னு எழுதினேன். முகாமுக்குத் தலைவன் நான். காகிதம் மேல போகப் போக, காப்பாத்தினது நான்னு ஆயிடுச்சு."

"நீங்க இல்லன்னு சொல்லலையா?"

"சொல்லல." கர்னல் மெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "டில்லியில அதை வாசிச்சாங்க. கேக்க நல்லா இருந்துச்சு உஸ்தாத். அதுதான் என்னைக் கொல்லுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, கைதட்டினதை நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

உஸ்தாத் மறுபடி தைக்கத் தொடங்கினார். பழைய மெடல்கள் ஏழும் ஒவ்வொன்றாகப் பட்டையில் ஏறின. தைத்துக்கொண்டே பேசினார்.

"காலையில ஒரு அம்மா வந்தாங்க சார். ஆரணிப் பக்கம். பேரு கன்னியம்மா. மகனோட மெடலைக் குத்திவிடச் சொன்னாங்க. வெளிநாட்டுப் பணிக்குப் போன எல்லாருக்கும் குடுப்பாங்களே, அந்த மெடல். நாளைக்குப் பரேடுல அவங்களுக்கு முன் வரிசையில நாற்காலியாம்."

கர்னலின் முகம் வெளுத்தது. "ஏகாம்பரத்தோட அம்மா."

"ஆமா. சால்வையில வலப் பக்கம் குத்திவிட்டேன். 'எல்லாரும் இடப் பக்கம் போட்டிருக்காங்களே, எனக்கு மட்டும் ஏன்யா மாத்திக் குத்துற?'ன்னு கேட்டாங்க. 'தான் சம்பாதிச்ச மெடல் இடப் பக்கம். செத்துப்போனவங்க சம்பாதிச்சதை அவங்களுக்காக நாம போட்டா வலப் பக்கம். பட்டாளத்து வழக்கம்மா'ன்னு சொன்னேன். தடவிப் பாத்துக்கிட்டாங்க."

"வேற ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. 'எம்புள்ள ஏரியில விழுந்த மாட்டையே நீந்திப் போய் இழுத்தாந்தவன். கரையில கட்டுற படகுல எப்பிடிய்யா தவறி விழுவான்? குடிச்சுட்டு விழுந்தான்னு ஊருல பேசுறாங்க. காதுல விழும்போதெல்லாம் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். உனக்கு ஏதாவது தெரியுமாய்யா?'ன்னு கேட்டாங்க."

கர்னல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன சார் தெரியும்? தெரிஞ்சவர் இப்பதானே வந்திருக்கார்."

வெளியே பாண்டு வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள்.

கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவி நான். அவன் பேரைக் காப்பாத்துறேன்னு சொல்லி, நானே கெடுத்து வெச்சிருக்கேன். போதும் உஸ்தாத். இன்னைக்கே இதைத் தபால்ல திருப்பி அனுப்பிடுறேன். நாளைக்குப் பரேடுக்கும் வரல. காய்ச்சல்னு சொல்லிடுறேன்."

"திருப்பி அனுப்பினா அவங்க என்ன செய்வாங்க?"

"ஏதாவது பீரோவுல வெச்சுப் பூட்டுவாங்க."

"கன்னியம்மா?"



உஸ்தாத் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார். திடீரென்று அந்தப் பழைய குரல் வந்தது.

"சாவ்தான்!"

விறைப்பாக நில் என்று கட்டளை. கர்னல் சட்டென்று ஸ்டூலிலிருந்து எழுந்தார், குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. உஸ்தாத் ஏழு மெடல் பட்டையை எடுத்து இடப் பக்கம் குத்தினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார், நேராக்கினார். புது மெடல் மட்டும் மேசையில் கிடந்தது. அதையும் எடுத்தார். வலப் பக்கம் வந்தார்.

"உஸ்தாத், பக்கம் தப்பு."

"இருபது வருஷம் இடம் வலம் சொல்லிக் குடுத்தவன்கிட்டயா சார்?"

"வலப் பக்கம் சொந்தக்காரங்கதானே போடணும்? நான் அவனுக்கு எந்த வகையில சொந்தம்?"

"அவன் மெடலைப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. இதைவிட நெருங்கின சொந்தம் ஏது சார்?"

ஊசி துணியில் இறங்கியது. கர்னலின் உடம்பு அசையவில்லை.

"நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க உஸ்தாத். ஜெனரல் கேப்பார். பொய் எழுதினேன்னு தெரிஞ்சா என் உடுப்பையே கழட்டிடுவாங்க."

"கழட்டினாலும் கழட்டலாம்" என்றார் உஸ்தாத். கொக்கியை மாட்டி, மீந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார்.

"இத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்றது?"

உஸ்தாத் ஓரடி பின்னால் போய், விறைப்பாக நின்று, சல்யூட் அடித்தார்.

"அவங்கல்லாம் அப்புறம் சார். வலப் பக்கம்னா என்னன்னு ஒரு அம்மா இன்னைக்குக் காலையிலதான் கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. முதல்ல அவங்க கேப்பாங்க."